புகைபோக்கியில் ஏறும் ஓதம்

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பார்கள். ஆனால் நெருப்பு அணைந்து பல ஆண்டுகளான அடுப்படியிலும், ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரக் கரியும் பழைய புகையும் கலந்த ஒரு வாடை எழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? நம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் குடியிருப்பவர்களும், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து வீட்டைத் திறப்பவர்களும் இந்த வாடையை நன்கு அறிவார்கள். சாம்பிராணி போடுவார்கள், வெள்ளையடிப்பார்கள், இரண்டு நாள் அடங்கியிருந்து மூன்றாம் நாள் மறுபடியும் வரும். அதன் காரணத்தையும் அதைப் போக்கும் வழியையும் இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம் என்று தமிழம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அச்சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். புகைபோக்கியின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். வீட்டுப் பெண்களின் கண்ணையும் மூச்சையும் காப்பதற்கென்று கட்டப்பட்ட அந்தச் செங்கல் கூண்டு, இன்று ‘இந்தச் சனியனை இடித்துத் தள்ளினால் என்ன?’ என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

இடிப்பது எளிது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில், பழைய வீடுகளிலிருந்து கழற்றி வந்த தூண்களையும் கதவுகளையும் நாம் பார்த்திருக்கிறோம். அவை யாவும் ஓதத்தால் விழுந்த வீடுகளுடையவை என்று சொல்லமாட்டோம். பங்காளிகள் பலராகிவிட்டதும், பராமரிக்க ஆளில்லாததும் பெரிய காரணங்கள். ஆயினும் ஒரு மூலையில் தொடங்கும் ஓதம் உத்தரத்தைத் தொட்டபின் வீட்டுக்காரர் மனம் தளர்ந்துவிடுகிறார் என்பதும் உண்மை. செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் போற்றும் வீடுகளை நாம் அடுப்படி வாடைக்காக இழக்கலாமா?

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இங்கு உண்டு. நகரத்தார் குடும்பங்களில் திருமணமான பிள்ளைகளை ‘வேறு வைப்பது’ வழக்கம். ஒரே கூரையின் கீழ் எத்தனை புள்ளிகளோ, அத்தனை அடுப்புகள். விறகும் தேங்காய்ச் சிரட்டையும் பனைமட்டையும் சீமைக் கருவேல விறகும் எரிந்த அத்தனை அடுப்புகளின் புகையும் எங்கே போவது? சில வீடுகளில் பின்கட்டு முற்றம் வழியே போயிற்று. சில வீடுகளில் ஓட்டுக் கூரையில் விட்ட திறப்பின் வழியே போயிற்று. வேறு சில வீடுகளில் கூரைக்கு மேல் எழும்பிய செங்கல் கூண்டின் வழியே போயிற்று. இக்கட்டுரை அந்தக் கூண்டைப் பற்றியது.

அடுப்பு நாள்தோறும் எரிந்த காலத்தில் கூண்டினுள் ஈரம் தங்கியதில்லை. மழை விழுந்தாலும் காலையில் இட்லிப் பானைக்கு மூட்டிய நெருப்பு அதை உலர்த்திவிடும். அதாவது அடுப்பே கூண்டின் வைத்தியனாக இருந்தது. பிறகு எரிவாயு வந்தது. 1965-இல் கல்கத்தாவில் முதல் இணைப்பு கொடுக்கப்பட்ட இண்டேன் மெல்ல மெல்ல நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளிலும் சிலிண்டர் நுழைந்தது. ஆச்சிமார்களின் கண்ணெரிச்சல் தீர்ந்தது, மகிழத்தக்க செய்திதான். ஆனால் கூண்டுக்குள் நெருப்பு நின்றுபோன அன்றே அதன் வைத்தியனும் போய்விட்டான். மேலே திறந்த வாயோ திறந்தபடியே இருந்தது.

இங்கே சிறிது கணக்குப் போடுவோம். நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வாயுள்ள கூண்டின் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 180 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தால் பன்னிரண்டு குடம்! அதில் கணிசமான பகுதியை வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே நாம் அடுப்படிச் சுவருக்குள் ஊற்றுகிறோம் என்று பொருள்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? செங்கல்லே அதைக் குடிக்கிறது. நல்ல செங்கல் 24 மணி நேரம் நீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பது இந்திய தர நிர்ணயம். மூன்று கிலோ செங்கல் அறுநூறு கிராம் வரை குடித்தாலும் அது நல்ல செங்கல்தான்! மாணவியர் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காய்ந்த செங்கல் ஒன்றை நிறுத்து, ஒரு நாள் வாளித் தண்ணீரில் போட்டு, மேலே வழியும் நீரைத் துடைத்துவிட்டு மறுபடியும் நிறுங்கள். சுவர் என்பது கெட்டியான பொருள் என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

இனி வாடைக்கு வருவோம். நனைந்த செங்கல் மட்டும் இவ்வளவு கெட்ட வாடை தராது. கூண்டின் உட்புறத்தில் படிந்திருப்பது வெறும் கரி மாத்திரமன்று. விறகுப் புகையிலுள்ள தார் போன்ற பிசினும், காடித் தன்மையுள்ள பொருள்களும், பலவகை உப்புகளும் அதில் கலந்திருக்கின்றன. உலர்ந்திருக்கும்வரை அவை உறங்குகின்றன. ஈரம் பட்டதும் பிசின் வாடை விடுகிறது. உப்புகள் கரைந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியே உள்ளே நடந்து, அடுப்படிப் பக்கம் மஞ்சளும் பழுப்புமாகக் கறையாய் வெளிப்படுகின்றன. இந்த உப்புகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசிகிறதல்லவா, அதே செயல்தான். ‘மேலே மூடிவிட்டோம், மழை உள்ளே வரவில்லை, ஆனாலும் மேகமூட்டமான நாளில் கறை ஈரமாகிறது’ என்று சிலர் வியப்பது இதனால்தான்.

கூண்டுக்குள் வாழவந்தவர்களையும் மறக்கலாகாது. மைனா கூடு கட்டும், வௌவால் தொங்கும், எலி விழுந்து சாகும். எச்சமும் ஈரமும் சேர்ந்தால் எத்தனை சாம்பிராணி போட்டும் பயனில்லை.

கூண்டினுள் எழும் வாடை மேலே போகாமல் கீழே வருவது ஏன் என்ற கேள்வி இருக்கிறது. சூடான காற்று இலேசானது, மேலே எழும்; குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். எட்டாம் வகுப்புப் பாடந்தான். அடுப்பு எரியும்போது கூண்டிலுள்ள காற்று சூடாகி மேலே ஓடுகிறது. அடுப்பு எரியாதபோது நிலைமை தலைகீழ். நம் வீடுகளின் கனத்த சுவர்கள் வெயில் நேரத்திலும் குளிர்ந்திருக்கின்றன. நனைந்த கூண்டோ ஈரம் ஆவியாவதால் மேலும் குளிர்கிறது. உள்ளேயுள்ள குளிர்ந்த கனத்த காற்று, வெளியே தகிக்கும் காற்றைவிட எடை மிகுந்து, கிணற்றில் நீர் இறங்குவதுபோல் அடுப்படிக்குள் இறங்குகிறது. அத்தோடு யாராவது காற்றை வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். விசிறி சன்னல் வழியே வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகப் பழைய கூண்டின் வழியே புதுக் காற்று, கரி வாடையுடன், உள்ளே இழுக்கப்படும். வாடையை ஓட்டப் போட்ட விசிறியே வாடையை வரவழைக்கிறது!

இந்நாளில் ‘சிம்னி’ என்றால் கடையில் விற்கும் மின்சாரப் பெட்டி என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். அதன் குழாயைக் கொண்டுபோய்ப் பழைய கூண்டுக்குள் செருகிவிடுவது சிலர் வழக்கம். தாளித்த எண்ணெய் ஆவி குளிர்ந்த செங்கல்லில் பட்டு உறைந்து, பழைய கரியின் மேல் புதுப் பிசுக்காகப் படிகிறது. குழாயைத் தனியே வெளிச்சுவர் வழியாக விடுவதே முறை. எரிவாயு அடுப்பு ‘ஈரமில்லாதது’ என்ற எண்ணமும் தவறு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படுகிறது. வாயுவிலுள்ள ஹைட்ரஜன் பிராணவாயுவுடன் கூடி நீராவதே காரணம். சன்னலை மூடிக்கொண்டு சமைத்தால் அது சுவரில்தான் போய்ச் சேரும்.

ஆகவே மருந்து போடுமுன் நோய் எது என்று அறிய வேண்டும். கறையுள்ள இடத்தில் ஒரு சாண் சதுரப் பாலிதீன் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர்த்துளி கட்டினால் அது அடுப்படிக் காற்றிலிருந்து வந்த ஈரம். சுவர்ப் பக்கம் கட்டினால் சுவருக்குள்ளிருந்து வந்த ஈரம். மழைக்கு மறுநாளே கறை பெரிதானால் கூண்டின் வாயையோ, கூண்டும் ஓடும் கூடும் இடத்தையோ ஐயுற வேண்டும். கீழிருந்து இடுப்பளவுக்கு மட்டும் ஓதம் ஏறியிருந்தால் குற்றம் கூண்டின் மேலன்று. அது தரையிலிருந்து ஏறும் ஓதம், அதற்கு வைத்தியம் வேறு.

முதல் வேலை கரி நீக்குவது. கரி இருக்கும்வரை மற்ற வேலைகள் யாவும் வீண். நம்மில் பலர் இதைத்தான் தவிர்க்கிறோம், அழுக்கு வேலை என்பதால். வார்தாவில் 1947-இல் உருவான மகன் சூல்ஹா, ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ். பி. ராஜு அமைத்த புகையில்லா அடுப்பு, 1983-இல் மத்திய அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஆகிய முயற்சிகள் எல்லாம் ஒரு புகைக் குழாயை நம்பியவையே. ராஜு தம் அடுப்பைப் பற்றி எழுதிய நூலைச் சென்னையிலிருந்த ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம் 1953-இல் வெளியிட்டது. எவ்வளவு நல்ல அடுப்பானாலும் குழாயில் கரி அடைத்த வீடுகளில் புகை மீண்டும் அடுப்படிக்கே திரும்பிவிட்டது.

நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு கல்லையும், அதற்கு மேல் பனையோலைக் கட்டையோ தென்னை ஈர்க்குக் கட்டையோ கட்டி, மேலிருந்து இறக்கி ஏற்றி உரசினால் கரி உதிரும். கூரை மேல் ஏறுவது கொத்தனாரின் வேலை. மாணவியர் ஏறக் கூடாது. கீழே அடுப்பு வாயை நனைத்த சாக்கால் மூடி, பாத்திரங்களை அப்புறப்படுத்திவிட வேண்டும். வேலை செய்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். லண்டனில் புகைபோக்கி துடைக்கச் சிறுவர்களை உள்ளே ஏற்றிய கொடுமை நெடுங்காலம் நடந்தது. கரி ஒட்டிய தோலில் அவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். தொழிலால் வரும் புற்றுநோயை மருத்துவ உலகம் அறிந்தது அதுவே முதல் முறை. 1875-இல் வந்த சட்டத்துக்குப் பிறகே அவ்வழக்கம் ஒழிந்தது. ஆகவே கரியை வெறும் அழுக்கு என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாவது, கூண்டுக்கு ஒரு தொப்பி. வாயை அடியோடு அடைப்பதுதான் பலரும் செய்வது. சிமெண்ட் பலகையைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் பூசிவிடுகிறார்கள். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுப்படிப் பக்கமே தள்ளப்படுகிறது. வாயின் நான்கு மூலையிலும் செங்கல் துண்டு நிறுத்தி, அதன்மேல் வாயைவிட நான்கு பக்கமும் சற்று நீண்ட கல் பலகையையோ சுட்ட ஓட்டையோ வைத்தால் மழை விழாது, காற்றுப் போய்வரும். இடைவெளிகளில் கம்பி வலை அடித்தால் மைனாவும் வௌவாலும் வாரா. வலை அடிக்குமுன் உள்ளே உயிருள்ள கூடு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகரத் தொப்பி மலிவுதான். ஆனால் ஈரக் கரியின் காடி இரும்பை அரித்துவிடும். இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி நம் ஊரிலேயே ஆராய்கிறார்கள். டாக்டர் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் சொல்கிறோம்.

கீழ் வாயையும் முழுவதும் மூடலாகாது. துளையிட்ட பலகையோ வலைச் சட்டமோ வைத்தால் போதும். பலகாரம் சுடவும் விசேஷச் சமையலுக்கும் இன்னும் விறகடுப்பு மூட்டும் வீடாயின் ஒரு கடுமையான எச்சரிக்கை: கூண்டு அடைபட்டிருக்கும்போது அதன் கீழ் நெருப்பு மூட்டவே கூடாது. விறகும் கரியும் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையுமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

மூன்றாவது, சுவர்ப் பூச்சு. இதில் நாம் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் கேடு அதிகம் நிகழ்வது இங்கேதான். பழைய கூண்டுகள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின் காற்றிலிருந்து கரியமிலவாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. கல்லிலிருந்து வந்து கல்லுக்கே திரும்பும் இந்தப் பயணம் எங்களுக்கு எப்போதும் வியப்பளிப்பது. செட்டிநாட்டுப் பூச்சின் வழவழப்புக்குக் காரணம் முட்டை வெள்ளைக்கரு என்றே எல்லோரும் கதை சொல்கிறார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் வெள்ளைக்கருவும் சேர்த்தது மெய்தான். ஆயினும் ஊறவைத்த நாட்களுக்கும் அரைத்த கைகளுக்கும் தேய்த்த கற்களுக்கும் பெருமையில் பெரும்பங்கு சேர வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. சுவர் குடித்த ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறும். 1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட் வேறு குணமுடையது. தண்ணீர்த் தொட்டிக்கு அது உத்தமம். பழைய செங்கல் கூண்டின் மேல் அதைப் பூசினால், நனைந்த உடம்பின் மேல் ரப்பர்ச் சட்டை மாட்டியதுபோல் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சில மழைக்காலம் கழிந்ததும் செங்கல் பொரிந்து, பூச்சு பாளம் பாளமாக விழும். எனாமல் பெயிண்டும் அப்படியே. ‘கெட்டியாகப் பூசினேன், ஆனாலும் ஓதம் போகவில்லை’ என்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, கெட்டியாகப் பூசியதாலேயே போகவில்லை என்பதுதான்.

கறை படிந்த பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை வெறுமையாக உலரவிட வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதமா என்று மலைக்க வேண்டாம். நம் சித்திரை, வைகாசி வெயிலும் வளவில் வீசும் காற்றும் நமக்குத் துணை. ஆனால் ஒரு வாரத்தில் உலரும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். உப்பு மிகுந்திருந்தால், நனைத்து அரைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, அது காய்ந்தபின் எடுத்தால் உப்பில் ஒரு பகுதி அதனுடன் வந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்யலாம். பிறகு சுண்ணாம்புக் காரையால் பூசி, சுண்ணாம்பு வெள்ளையே அடிக்க வேண்டும். நீற்றும்போது தெறிக்கும் சுண்ணாம்பு கண்ணைக் கெடுத்துவிடும். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மீதியிருக்கும் சிறு வாடைக்கு, கீழ் வாய்ப்பலகைக்குப் பின்னால் ஒரு கூடை அடுப்புக்கரியை வைத்து, மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து எடுக்கலாம். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிடையும் சேர்த்து ஊற்றுகிற துணிச்சல் சில வீடுகளில் உண்டு. அதில் பிறப்பது குளோரின் என்ற நச்சு வாயு. வேண்டவே வேண்டாம்.

பங்குனியில் கரி நீக்கிப் பூச்சைக் கொத்திவிட்டால் கோடை முழுவதும் சுவர் உலரும். ஆவணியில் பூச்சு வேலை முடிந்து, ஐப்பசிக்குள் காரை இறுகிவிடும். பூட்டியே கிடக்கும் வீடாயின், மாதம் ஒரு நாள் காவற்காரரைக் கொண்டு அடுப்படிச் சன்னலையும் பின்கட்டுக் கதவையும் காலை முதல் மாலை வரை திறந்து வைக்கச் சொல்லுங்கள். தொப்பியின் கல் நகர்ந்திருக்கிறதா என்றும் அவர் முற்றத்தில் நின்றபடி அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிடட்டும்.